ரேஷன் கார்டு ரயில் ஏறுமா? புது ஊர்ல நம்மள சேர்த்துக்கிற சட்டங்கள் பத்தி ஒரு எளிய விளக்கம்

போன வருஷம் ஆகஸ்ட் மாசம், மும்பை தாராவில 90 ஃபீட் ரோட்ல இருந்து உள்ள தள்ளி ஒரு ரேஷன் கடை, லைன்ல ஒரு பதினஞ்சு பேரு. எனக்கு முன்னாடி நின்ன அக்கா தென்காசி பக்கத்துல இருந்து வந்து ரெண்டு மாசந்தான் ஆகுது, இடுப்புல கைக்கொழந்த, பக்கத்துல ஏழு வயசுல ஒரு பொண்ணு, கைல நம்ம தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டு. கடைக்காரர் கார்டை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டு "யே மெட்ராஸ் கா ஹை, இதர் நஹி சலேகா", இது மெட்ராஸ் கார்டு, இங்க செல்லாதுன்னு திருப்பிக் குடுத்துட்டார். அக்கா ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல, மஞ்சப்பையை மடிச்சு கக்கத்துல வச்சுக்கிட்டு, பொண்ணைக் கையப் புடிச்சுத் திரும்பிட்டாங்க.

"நில்லுங்கக்கா"ன்னு கூப்ட்டு கார்டை வாங்கிப் பார்த்தேன், பி.ஹெச்.ஹெச்.னு, அதாவது முன்னுரிமைக் குடும்பம்னு போட்டிருந்துச்சு, அப்ப இது கண்டிப்பா செல்லும். கடைக்காரர்கிட்ட இது ஒன் நேஷன் ஒன் ரேஷன்ல, எந்த மாநிலத்துலயும் அரிசி வாங்கிக்கற திட்டத்துல வர்ற கார்டு, மெஷின்ல நம்பர் போட்டுப் பாருங்கன்னு சொன்னேன். அவரும் ஒண்ணும் கெட்ட மனுஷன் இல்ல, வெளி மாநிலக் கார்டு அவர் கைக்கு அடிக்கடி வர்றதில்ல போல. நம்பர் போட்டார், குடும்பத்துப் பேரு வரிசையா வந்துச்சு, அங்கூட்டா வைக்கச் சொன்னார். அக்கா பெருவிரல வச்சாங்க, சிவப்பு லைட்டு. மறுபடி வச்சாங்க, மறுபடியும் சிவப்பு. பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு ரேகை தேஞ்சு போன கை. முந்தானைல விரல நல்லா அழுத்தித் துடைச்சு மூணாவது தடவை வச்சப்பதான் எடுத்துச்சு, சீட்டு வந்துச்சு. ஆளுக்கு 5 கிலோ, கார்டுல பேரு இருக்கறவங்கள்ல இங்க இருக்கிற மூணு பேருக்கு 15 கிலோ, அரிசியும் கோதுமையுமா, காசு கெடையாது. கார்டுல நாலாவது பேரு மாமியாரோடது, அவங்க ஊர்ல இருக்காங்க, அவங்க பங்கை அங்கயே வாங்கிக்கலாம், ஒரே மாசத்துல ஒரே கார்டுல கொஞ்சம் அங்க கொஞ்சம் இங்கன்னு பிரிச்சு வாங்க முடியும். "ரெண்டு மாசமா கடைல காசு குடுத்துல்லா தம்பி அரிசி வாங்கினேன்"னு அக்கா சொன்னாங்க.

இந்த ஒரு சம்பவத்தை வச்சே மொத்த விஷயத்தையும் சொல்லிரலாம்னு தோணுது, ஏன்னா ஞாயித்துக்கிழமை எங்க சங்கத்து ரூம்ல ஃபாரம் நிரப்பிக் குடுக்க உக்காரும்போது வர்ற முக்கால்வாசிக் கேள்வி இதே மாதிரிதான், "இது இங்க செல்லுமா?"

அரசாங்கப் பேப்பர்ல சோஷியல் இன்க்ளூஷன்னு எழுதுறாங்க, தமிழ்ல சமூக உள்ளடக்கம்னு போடுறாங்க, படிச்சா ஒண்ணும் மண்டைல ஏறாது. நான் புரிஞ்சுக்கிட்ட விதம் இதுதான்: கல்யாண வீட்டுக்கு வெளியூர்க்காரன் ஒருத்தன் வர்றான், அவன வாசல்லயே நிக்க விடலாம், யாரும் அடிக்கல வெரட்டல, ஆனா அவன் பசியோடதான் நிப்பான். கையப் புடிச்சு பந்தில உக்கார வச்சு, இலை போட்டு, மத்தவங்களுக்குப் பரிமாறுறதையே அவனுக்கும் பரிமாறினாதான் அவன் அந்த வீட்டு ஆளு. அந்த மாதிரி சோறு, பள்ளிக்கூடம், வீடு, வேலை, வோட்டு, பாஷை எல்லாத்துலயும் புதுசா வந்தவங்களுக்கும் எண்ணிக்கைல கம்மியா இருக்கறவங்களுக்கும் இடம் குடுக்க அரசாங்கம் போடுற சட்டம், திட்டம், விதி எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பெரிய வார்த்தை.

யாரு வந்தவங்க, யாரு சிறுபான்மை, இதுலயே நம்ம ஆளுங்களுக்கு நெறைய கொழப்பம். இமிக்ரன்ட்னா நாடு விட்டு நாடு வந்தவங்க. நாம திருநெல்வேலில இருந்து மும்பைக்கு வந்தா அது நாட்டுக்குள்ளயே இடம் மாறுறது, அரசியல் சட்டம் 19-வது பிரிவுல இந்தியக் குடிமக்கள் நாட்டுல எங்க வேணா போலாம், எங்க வேணா தங்கலாம், என்ன தொழில் வேணா பண்ணலாம்னு தெளிவா இருக்கு, அதனால மும்பைல இருக்கறதுக்கு நாம யார்கிட்டயும் பெர்மிஷன் வாங்க வேண்டியதில்ல. 1966-க்கு அப்புறம் இங்க மதராசி எதிர்ப்பு ஓடின காலத்துல நம்ம தாத்தா பாட்டிங்க பயந்து பயந்து இருந்த கதை எல்லா வீட்லயும் இருக்கு, அப்பவும் இந்த 19-வது பிரிவு இருந்துச்சு, அது தெரிஞ்சவங்கதான் கம்மி.

சிறுபான்மைன்னா மதம் மட்டும்னு நெனச்சுக்கறாங்க. மதச் சிறுபான்மைனு மத்திய அரசு அறிவிச்சது ஆறு, முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, அப்புறம் 2014-ல ஜைனர். இது போக மொழிச் சிறுபான்மைனு ஒண்ணு இருக்கு, அதுல நாமளும் வர்றோம். 2002-ல டி.எம்.ஏ. பாய் வழக்குல சுப்ரீம் கோர்ட்டோட 11 நீதிபதிங்க சேர்ந்து சொன்னாங்க, யாரு சிறுபான்மைங்கறத மாநிலம் மாநிலமாப் பார்க்கணும்னு. அதனால தமிழ்நாட்டுல பெரும்பான்மையா இருக்கற தமிழ் பேசுறவங்க ரயில் ஏறி மகாராஷ்டிரா எல்லை தாண்டின உடனே மொழிச் சிறுபான்மை, அதே மாதிரி தஞ்சாவூர்ல தலைமுறை தலைமுறையா இருக்கற மராத்திக் குடும்பம் அங்க மொழிச் சிறுபான்மை. தாராவில இருக்கற ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம் ரெண்டு விதத்துலயும் சிறுபான்மை.

இப்ப நான் வச்சிருக்கற ஒரே ஒரு கேள்வி, எந்தத் திட்டத்தைப் பத்திப் பேசுனாலும் இதைத்தான் கேப்பேன்: இந்த உரிமை நம்ம கூட ரயில் ஏறுமா, இல்ல ஊர்லயே நின்னுருமா?

ரேஷன் ஏறிருச்சு. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல ஆளுக்கு மாசம் 5 கிலோ உரிமை, ஆனா அது கார்டு இருக்கற கடைல மட்டுந்தான் கெடைக்கும்னு ரொம்ப வருஷமா இருந்துச்சு, வேலைக்காக ஊர விட்டுப் போறவன் அன்னைக்கே அரிசிய இழந்துருவான். 2019 ஆகஸ்ட்ல நாலே நாலு மாநிலத்துல ஜோடி ஜோடியா ஆரம்பிச்சாங்க, குஜராத்தும் மகாராஷ்டிராவும் ஒரு ஜோடி, ஆந்திராவும் தெலங்கானாவும் ஒரு ஜோடி. 2020 லாக்டவுன்ல ஜனங்க நடந்தே ஊருக்குப் போனதப் பார்த்த பின்னாடி வேகம் புடிச்சுது, 2020 அக்டோபர்ல தமிழ்நாடு சேர்ந்துச்சு, 2022 ஜூன்ல அஸ்ஸாமும் சேர்ந்து நாடு பூரா வந்துருச்சு. மூணு வருஷத்துல முடிஞ்சுது, இத நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், ஏன்னா அரசாங்கம் மனசு வச்சா ஒரு உரிமைய ஆளோட சேர்த்து அனுப்ப முடியும்ங்கறதுக்கு இதுவே சாட்சி. ஆனா ஒரு விஷயம் கவனிக்கணும், தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட எல்லாருக்குமே கார்டு இருக்கும், அதுல பி.ஹெச்.ஹெச்., பி.ஹெச்.ஹெச்.-ஏ.ஏ.ஒய்.னு (ரொம்ப ஏழைக் குடும்பம்) போட்டது மட்டுந்தான் மத்திய சட்டத்துல வரும், என்.பி.ஹெச்.ஹெச்.னு (முன்னுரிமை இல்லாத குடும்பம்) போட்ட கார்டுக்கு அரிசி குடுக்கறது தமிழ்நாடு அரசு தன் சொந்தக் காசுல, அது இங்க செல்லாது. பருப்பு, பாமாயில் மாதிரி நம்ம ஊர் அரசு தனியா குடுக்கறதும் இங்க வராது. கடைல முடியாதுன்னு சொன்னா 14445-க்கு போன் போடலாம்.

ஆஸ்பத்திரியும் ஓரளவுக்கு ஏறும். 2018 செப்டம்பர்ல வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும், லிஸ்ட்ல பேரு இருக்கறவங்க திட்டத்துக்குள்ள இருக்கற எந்த மாநிலத்துலயும் அந்தத் திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரில அட்மிட் ஆகலாம், 2024 அக்டோபர்ல இருந்து 70 வயசும் அதுக்கு மேலயும் ஆன எல்லாருக்கும் வருமானம் பார்க்காமயே அந்தக் கார்டு உண்டு. வயசான அம்மா அப்பாவை ஊர்ல இருந்து கூட்டிட்டு வந்தவங்க இத முதல்ல எடுத்து வச்சுருங்க.

பள்ளிக்கூடத்துக்கு வர்றேன். அந்த அக்கா அடுத்த ஞாயித்துக்கிழமை பொண்ணைக் கூட்டிட்டு சங்கத்துக்கு வந்தாங்க, ஒரு பள்ளிக்கூடத்துல பொறந்த சர்டிபிகேட்டும் ஊர்ப் பள்ளிக்கூட டி.சி.யும் இல்லாம சேர்க்க முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம், ரெண்டும் ஊர்ல மாட்டிக்கிச்சு, வர்றதுக்கு நாளாகும், பொண்ணு வீட்ல சும்மா உக்காந்திருக்கு. 2009-ல போட்ட கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1-ல இருந்து நடப்புல இருக்கு, 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும். அதோட 14-வது பிரிவுல வயசுக்கு அத்தாட்சி இல்லைங்கறதுக்காக எந்தக் கொழந்தைக்கும் அட்மிஷன் மறுக்கக் கூடாதுன்னு நேராவே எழுதிருக்கு. 5-வது பிரிவுல டி.சி. வர லேட்டாகுதுங்கறத சாக்கு சொல்லி சேர்க்காம இருக்கக் கூடாதுன்னு இருக்கு, வேற மாநிலத்துல இருந்து வந்த பிள்ளைக்கும் இது பொருந்தும். 4-வது பிரிவுல வயசுக்கு ஏத்த வகுப்புல சேர்க்கணும்னு இருக்கு, ஏழு வயசுப் பிள்ளையை பாஷை தெரியலங்கறதுக்காக ஒண்ணாங் கிளாஸ்ல தள்ளக் கூடாது. இந்த மூணு பிரிவையும் ஒரு பக்கம் மராத்தில எழுதி எடுத்துக்கிட்டுப் போனோம், ஹெட்மாஸ்டர் ஒரு தடவை வாசிச்சுட்டு வேற எதுவும் கேக்காம ரெண்டாங் கிளாஸ்ல சேர்த்துக்கிட்டார். சண்டையே தேவைப்படல.

மும்பை மாநகராட்சி எட்டு பாஷைல பள்ளிக்கூடம் நடத்துது, மராத்தி, ஹிந்தி, உருது, குஜராத்தி, இங்கிலீஷ், கன்னடம், தெலுங்கு, தமிழ். நெறைய பேரு இத ஏதோ மாநகராட்சி காட்டுற கருணைன்னு நெனைக்கிறாங்க, இது பின்னாடி சட்டம் இருக்கு. 1956-ல மொழிவாரி மாநிலம் பிரிச்சப்ப எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்ட ஜனங்க என்ன பண்ணுவாங்கன்னு யோசிச்சு ஏழாவது திருத்தம் கொண்டு வந்தாங்க, 350-ஏ பிரிவு, சின்னப் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பள்ளில தாய்மொழில சொல்லிக்குடுக்க வசதி பண்ணனும்னு. 350-பி பிரிவு, மொழிச் சிறுபான்மையருக்குன்னே ஒரு ஆணையர், 1957-ல இருந்து அந்த ஆபீஸ் இருக்கு. எத்தன பிள்ளைங்க இருந்தா வாத்தியார் போடணும்னும் ஒரு கணக்கு இருக்கு, 1949-ல மாகாணக் கல்வி அமைச்சருங்க கூடி முடிவு பண்ணது, ஸ்கூல் பூரா 40 பிள்ளைங்க, இல்லைன்னா ஒரு கிளாஸ்ல 10 பேரு ஒரே தாய்மொழியா இருந்தா அந்த மொழில சொல்லிக்குடுக்க ஏற்பாடு பண்ணனும்னு. இப்ப தமிழ் மீடியத்துல சேர்க்கறவங்க வருஷா வருஷம் கொறஞ்சுக்கிட்டே வர்றாங்க, அதுக்கு பெத்தவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன், ஆனா இந்த 40, 10 கணக்கு தெரிஞ்சு கேக்கறதுக்கு ஆளு இல்லாமப் போனா கிளாஸ் மூடுனது கூட யாருக்கும் தெரியாது.

இன்னொண்ணு 30-வது பிரிவு, மதச் சிறுபான்மையும் மொழிச் சிறுபான்மையும் சொந்தமா கல்வி நிலையம் ஆரம்பிச்சு நடத்திக்கலாம். மாட்டுங்கால தென்னிந்தியக் குடும்பங்கள் 1932-ல சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி ஆரம்பிச்சப்ப இந்த அரசியல் சட்டமே இல்ல, ஆனா அந்த மாதிரி முயற்சிக்கெல்லாம் பின்னால வந்த பாதுகாப்பு இது. இங்க மொழிச் சிறுபான்மைக் காலேஜ்ல 11-வது அட்மிஷனுக்கு மைனாரிட்டி கோட்டா இருக்கு, நம்ம வீட்டுப் பிள்ளைங்க நெறைய பேரு ஃபாரத்துல அந்தக் கட்டத்தைக் கண்டுக்காமயே போட்டுட்டு வந்துர்றாங்க.

இப்ப எனக்கு ரொம்ப மனசு கஷ்டமான இடத்துக்கு வர்றேன், சாதிச் சான்றிதழ். இது ரயில் ஏறாது.

தாராவிக்கு நம்ம ஜனங்க வந்தது நூறு வருஷத்துக்கும் மேல, திருநெல்வேலிச் சீமைல இருந்து தோல் பதனிடுற வேலைக்கு வந்தவங்கதான் ஆரம்பம், அதுல நெறைய பேரு ஆதிதிராவிடக் குடும்பங்கள். ஊர்ல எஸ்.சி. சர்டிபிகேட் வச்சிருக்கற ஒருத்தர் இங்க வந்தா, மகாராஷ்டிரா அரசு வேலைலயும் மாநில அரசு காலேஜ் சீட்லயும் எஸ்.சி. ஒதுக்கீடு கேக்க முடியாது. 1990-ல சுப்ரீம் கோர்ட்டு குடுத்த தீர்ப்பு, மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு. ஆந்திரால இருந்து சின்ன வயசுல பம்பாய்க்கு வந்த ஒரு மாணவர், அங்க எஸ்.டி.ன்னு சர்டிபிகேட் இருக்கு, இங்க பரேல்ல இருக்கற சேட் ஜி.எஸ். மெடிக்கல் காலேஜ்ல அந்த ஒதுக்கீட்டுல சீட் கேட்டார், அஞ்சு நீதிபதிங்க அமர்வு இல்லைன்னு சொல்லிருச்சு. ஒரு சாதி ஒரு மாநிலத்துல பட்ட கஷ்டத்தைப் பார்த்துதான் அந்த மாநில லிஸ்ட்ல சேர்க்கிறாங்க, இன்னொரு மாநிலத்துல அதே நெலமைன்னு எடுத்துக்க முடியாது, அதோட வெளியில இருந்து வர்றவங்க எடுத்துக்கிட்டா உள்ளூர் எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்களுக்குக் கொறையும், இதுதான் காரணம். அந்த ரெண்டாவது பயம் நியாயமான பயம்தான், அத நான் மறுக்கல. ஆனா தாராவில வளர்ந்த யாரையாவது கேட்டுப் பாருங்க, எந்தத் தெருல யாரு இருந்தாங்க, யாரு வீட்ல யாரு தண்ணி குடிக்க மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. சாதி அதே ரயில்ல கூடவே வந்து எறங்கிருச்சு, சர்டிபிகேட்டு மட்டும் ஊர்லயே நின்னுருச்சு.

இதுல எது கெடைக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கறது முக்கியம், ஏன்னா "நமக்கு ஒண்ணும் கெடைக்காது"ன்னு மொத்தமா விட்டுர்றாங்க. மத்திய அரசு வேலை, ரயில்வே, பேங்க், ஐ.ஐ.டி. மாதிரி மத்திய நிறுவனங்கள், இதுல எல்லாம் ஊர் சாதிச் சான்று செல்லும், அப்பாவோட சான்றை வச்சு இங்க இருக்கற அதிகாரிகிட்டயே பிள்ளைக்கு மைக்ரன்ட்னு குறிச்ச சான்று வாங்கலாம். மாநில ஒதுக்கீடு வேணும்னா அப்பாவோ தாத்தாவோ 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்னாடியே மகாராஷ்டிரால குடியிருந்ததுக்குப் பேப்பர் காட்டணும், சாதியும் இந்த மாநில லிஸ்ட்ல இருக்கணும். மூணு தலைமுறைக்கு முன்னாடி தோல் கம்பெனில கூலி வேலை பார்த்தவர் என்ன பேப்பர் வச்சிருப்பார்னு நெனச்சுப் பாருங்க, ஒரு ஸ்கூல் ரெஜிஸ்டர், ஒரு மில் டிக்கெட், அதுக்கு மேல என்ன இருக்கும்? டெல்லில மட்டும் வேற மாதிரி, 2018-ல பீர் சிங் வழக்குல அங்க அரசு வேலைல எந்த மாநில எஸ்.சி.க்கும் ஒதுக்கீடு உண்டுன்னு சொல்லிட்டாங்க, யூனியன் பிரதேசம்ங்கறதால. ஒரே நாடு, டெல்லிக்குப் போன சித்தப்பா பிள்ளைக்கு உண்டு, பம்பாய்க்கு வந்த பெரியப்பா பிள்ளைக்கு இல்ல.

வீடு இன்னொரு மாதிரி, அதுல மாநிலம் கேள்வி இல்ல, தேதி கேள்வி. நீ தமிழா மராத்தியா உத்தரப் பிரதேசமான்னு எஸ்.ஆர்.ஏ., அதாவது குடிசை மறுவாழ்வு ஆணையம் பார்க்காது, அது ஒரு நல்ல விஷயம், உண்மையாவே நல்ல விஷயம். எப்ப இருந்து இருக்கன்னுதான் பார்க்கும். 1976-ல குடிசைக் கணக்கெடுப்பு நடத்தி ஃபோட்டோபாஸ் குடுத்தாங்க, அப்பதான் மொதல் தடவையா அரசாங்கம் ஜோபட்பட்டில இருக்கறவங்க மொகத்தைப் போட்டோ புடிச்சு "நீ இங்கதான் இருக்க"ன்னு எழுதிக் குடுத்துச்சு. 1995-ல எஸ்.ஆர்.ஏ. வந்துச்சு, அப்ப தகுதித் தேதி 1995 ஜனவரி 1, அப்புறம் அது 2000 ஜனவரி 1 ஆச்சு, அதுக்கப்புறம் வந்தவங்க 2011 ஜனவரி 1 வரைக்கும் காசு கட்டி வீடு வாங்கலாம்னு ஆச்சு. இப்ப தாராவி மறுமேம்பாட்டுல 2000-க்கு முன்னாடி இருந்து தரைத்தளத்துல இருக்கறவங்களுக்கு தாராவிக்குள்ளயே 350 சதுர அடி இலவசமா, 2000-ல இருந்து 2011 வரைக்கும் வந்தவங்களுக்கு தாராவிக்கு வெளிய 2.5 லட்சம் கட்டினா, மாடில இருக்கறவங்களுக்கும் 2011-க்குப் பின்னாடி 2022 நவம்பர் 15 வரைக்கும் வந்தவங்களுக்கும் வெளிய வாடகை முறைல.

எங்க சால்ல, வரிசை வீட்டுல, ஒரு பெரியப்பா இருக்கார், 2005 ஜூலை 26 வெள்ளத்துல, சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை பேஞ்ச அந்த நாள்ல, வீட்ல இடுப்பளவு தண்ணி ஏறினப்ப மொதல்ல அவர் தூக்குனது டி.வி. இல்ல, இரும்புப் பெட்டி. அதுக்குள்ள ஃபோட்டோபாஸ், 1995 வோட்டர் லிஸ்ட்ல அவர் பேரு இருக்கற பக்கம், பழைய லைட் பில்லு, எல்லாத்தையும் பால் கவர்ல சுத்தி வச்சிருந்தார், பரண்ல தூக்கி வச்சு மேலயே உக்காந்துட்டார். எதிர்த்த ரூம்ல ஒரு பெரியம்மா, அதே வருஷம் வந்தவங்க, அவங்க பேப்பர் பூரா அந்தத் தண்ணில போயிருச்சு. இப்ப சர்வேக்கு ஆளு வந்தப்ப ரெண்டு பேருக்கும் கெடைச்ச பதில் வேற வேற, அந்தப் பெரியம்மாவுக்காக வார்டு ஆபீஸ்க்கும் எலெக்‌ஷன் ஆபீஸ்க்கும் பழைய லிஸ்ட் நகல் கேட்டு இன்னும் அலைஞ்சுக்கிட்டு இருக்கோம். சேர்த்துக்கிற திட்டம் ஒண்ணுல பாதிப் பாரத்தை பேப்பர் இல்லாதவங்க தலைல வைக்கிறது எனக்கு நியாயமாப் படல, அரசாங்கத்துகிட்டயே பழைய வோட்டர் லிஸ்ட்டு பூரா இருக்கு, அத எடுத்து அவங்களே பொருத்திப் பார்க்கலாம்.

வேலை விஷயத்த சுருக்கமா சொல்லிர்றேன். காலைல சைக்கிள்ல இட்லி அண்டா கட்டிக்கிட்டு ஹார்ன் அடிச்சுப் போற நம்ம அண்ணாச்சிங்களுக்கு 2014 தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கு, சர்வே எடுத்து சர்டிபிகேட் குடுக்கணும், கணக்கெடுக்காம வெரட்டக் கூடாதுன்னு அதுல இருக்கு. 2020-ல இருந்து ஸ்வநிதி கடன், அடமானம் இல்லாம, மொதல்ல 10,000 இருந்தது இப்ப 15,000 ஆகிருக்கு, ஒழுங்காக் கட்டினா அடுத்த படி 25,000, அப்புறம் 50,000. கட்டட வேலை பார்க்கறவங்க போன 12 மாசத்துல 90 நாள் வேலை செஞ்சிருந்தா நல வாரியத்துல பதியலாம், அந்த வாரியத்துக் காசு பில்டர்கிட்ட செஸ்ஸா, தனி வரியா வாங்கினது, அது அவங்க காசுதான். மாநிலம் விட்டு மாநிலம் வந்து வேலை பார்க்கறவங்களுக்குன்னு 1979-ல ஒரு தனிச் சட்டம் இருந்துச்சு, 2025 நவம்பர் 21-ல இருந்து அது லேபர் கோடுங்கற புது தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள்ள போயிருச்சு, இப்ப கான்ட்ராக்டர் மூலமா வராம தானா வந்தவங்களும் அந்தக் கணக்குல வருவாங்க, அது முன்னேற்றம், ஆனா வெளி மாநிலத்து ஆளுங்க பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கற எடத்துக்குத்தான் பொருந்தும், நம்ம ஆளுங்க பாதி பேரு மூணு பேரு நாலு பேரு இருக்கற பட்டறைல இருக்காங்க.

வோட்டு கூடவே வராது, ஆனா மாத்திக்கலாம், ஃபாரம் 8. ரெண்டு எடத்துல வச்சுக்கறது குத்தம். ஊர்ல இருந்து தூரத்துல இருக்கறவங்க இங்க இருந்தே ஊர் எலெக்‌ஷனுக்கு வோட்டுப் போட ஒரு மெஷின் பண்றதா 2022 டிசம்பர்ல தேர்தல் ஆணையம் சொல்லுச்சு, அது நடைமுறைக்கு வரல. நான் எல்லார்கிட்டயும் கெஞ்சிச் சொல்றது, தூங்குறது இங்க, குப்பையும் தண்ணியும் இங்க, அப்ப வோட்டையும் இங்க மாத்துங்க, வோட்டு இல்லாத கல்லிக்கு, சந்துக்கு, கார்ப்பரேட்டர் வர மாட்டார்.

நாடு விட்டு நாடு வந்தவங்க நெலமை இன்னும் கடினம், அதுக்கு வெளிநாடு வரைக்கும் போக வேணாம். தமிழ்நாட்டுல முகாம்ல இருக்கற இலங்கைத் தமிழர்கள் நம்ம பாஷைதான் பேசுறாங்க, ஆனா குடியுரிமை இல்ல, அங்கயே பொறந்து வளர்ந்த பிள்ளைங்களும் அப்படியே இருக்காங்க. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணு நாட்டுக்கு மட்டும், இலங்கை அதுல இல்ல. 2021-ல தமிழ்நாடு அரசு 317 கோடி சொச்சத்துக்கு வீடு, படிப்புன்னு திட்டம் போட்டு அகதிகள் முகாம்ங்கற பேரை மறுவாழ்வு முகாம்னு மாத்துச்சு. வீடு குடுக்க மாநிலத்தால முடியுது, குடியுரிமை குடுக்க டெல்லியாலதான் முடியும்.

பாஷை பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். ஜெர்மனில 2005-ல இருந்து வந்தவங்களுக்கு அரசாங்கமே கிளாஸ் நடத்துது, பாஷைக்கு 600 மணி நேரம், நாட்டுச் சட்டம், பழக்கவழக்கத்துக்கு 100 மணி நேரம். நம்ம பக்கத்துல கேரளா, பெரும்பாவூர்ல வங்காளம், ஒடிசால இருந்து வந்த தொழிலாளிங்களுக்கு மலையாளம் சொல்லிக்குடுக்க சங்ஙாதின்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சுது, தோழன்னு அர்த்தம். மகாராஷ்டிரால 2020 சட்டத்துல எல்லா ஸ்கூல்லயும் மராத்தி கட்டாயம், சில பேரு அத எதிர்க்கிறாங்க, நான் வரவேற்கிறேன், நம்ம பிள்ளைங்க ரேஷனிங் ஆபீஸ்லயும் போலீஸ் ஸ்டேஷன்லயும் தலை நிமிந்து பேசுறதுக்கு அதுதான் வழி. ஆனா முப்பது வயசுல வந்து எறங்குற ஒரு அம்மாவுக்கு யாரு மராத்தி சொல்லிக்குடுக்கிறா? அரசாங்கம் சாயங்காலம் ஒரு மணி நேரம் வார்டுக்கு ஒரு கிளாஸ் வைக்கலாம், மராத்தி பேசலன்னு கோவப்படுறவங்க இதக் கேட்டாங்கன்னா நானும் கூட வந்து நிப்பேன்.

கடைசியா அந்த அக்கா கேட்டது, அவங்க கேள்விதான் எல்லாத்தையும் விடக் கஷ்டமான கேள்வி. ஊர் கார்டுல மகளிர் உரிமைத் தொகை மாசம் 1,000 வருது, 2023 செப்டம்பர்ல இருந்து. இங்க பக்கத்து வீட்டு மருமகளுக்கு மகாராஷ்டிரா அரசு பெண்களுக்குக் குடுக்கற லாட்கி பஹின்ல மாசம் 1,500 வருது, 2024 ஜூலைல வந்த திட்டம், வெளி மாநிலத்துல பொறந்து இங்க கல்யாணமாகி வந்தவங்க புருஷனோட பேப்பர வச்சே சேரலாம்னு அதுல ஒரு விதி போட்டிருந்தாங்க, அந்த ஒரு விதியால எங்க கல்லில எத்தனையோ திருநெல்வேலி மருமகள்களுக்குப் பணம் வந்துச்சு. ஆனா அக்காவோட வீட்டுக்காரர் வந்து ஆறு வருஷந்தான், இங்க டொமிசைல்னா, அதாவது இந்த மாநிலத்துக்காரர்ங்கற சான்று வேணும்னா 15 வருஷம். "அப்ப நான் ஒன்பது வருஷம் கழிச்சுதான் இந்த ஊர்க்காரியா?"ன்னு கேட்டாங்க. ஊர் கார்டுல பேரு எடுத்தா அந்த 1,000 போயிரும், எடுக்காம இங்க கார்டு போட முடியாது. நான் என்ன கெடைக்கும் என்ன போகும்னு ரெண்டு பக்கமும் பேப்பர்ல எழுதிக் குடுத்தேன், யோசிச்சு சொல்றேன்னு மடிச்சு வச்சுக்கிட்டாங்க, இப்போதைக்கு ஊர் கார்டுலயே இங்க அரிசி வாங்குறாங்க.

பொங்கல் முடிஞ்சு அதே ரேஷன் கடைல மறுபடி பார்த்தேன். கடை வாசல்ல சாக்பீஸ்ல எழுதின கரும்பலகை, அந்த மாசம் என்ன ஸ்டாக் இருக்குன்னு, எல்லாம் மராத்தில. அக்கா பொண்ணு பலகைக்குக் கீழ நின்னுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சு எழுத்துக்கூட்டி வாசிச்சுக்கிட்டு இருந்தா, "தாந்தூள்... கஹூ..." அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, "எம்மா, அரிசி இருக்கு, கோதுமையும் இருக்கு, பைய எடு"ன்னா.